பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்கள்

அத்தியாயம் 14

கிளப் அறையின் சாவியைப் பைக்குள் துழாவிக்கொண்டே வந்த வசுமதி, வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தெரு அது, வசுமதியின் வீடும் அதில்தான். அவள் தோள்பையில் பன்னிரண்டு பென் டிரைவ், இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்குரூ டிரைவர் செட், கையெழுத்து வாங்க ஒரு நீளமான ரிஜிஸ்டர். பின்னாலேயே மகள் மேக்னா, சால்ட் லேக் ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த தூக்கக் கலக்கத்தோடு.

"அம்மா, உள்ள யாரோ இருக்காங்க," என்றாள் மேக்னா.

இருந்தார். யானை மேல் சொகுசாக உட்கார்ந்து, நாலு கைகளோடும் முறுக்கிய மீசையோடும் இருந்தார். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் தராசு.

அவருக்கு முன்னால், வசுமதி ஒரு வாரமாகத் தூசி தட்டித் திருகாணி முடுக்கித் தயார் பண்ணி வைத்திருந்த எட்டு கம்ப்யூட்டர்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சாமந்தி மாலை. ஒவ்வொரு கீபோர்டிலும் குங்குமப் பொட்டு. எட்டு மௌஸும் ஒரு பித்தளைத் தட்டில், வாழைப்பழங்களுக்கு நடுவில் கிடந்தன.

"எப்படி இருக்கு பௌதி?" என்று கைகளை விரித்துக்கொண்டு வந்தார் நிமாய்தா. "நேத்து சாயங்காலமே முடிச்சுட்டோம். உங்ககிட்ட சொல்லாம செஞ்சு அசத்தணும்னு எல்லாருக்கும் ஆசை."

நிமாய்தா அந்தக் கிளப்பின் செயலாளர், வசுமதியைப் 'பௌதி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். அதனாலேயே அவரிடம் கோபித்துக்கொள்வது கஷ்டம். அவர் பேசியது வங்காளத்தில். வசுமதி பதில் சொன்னதும் வங்காளத்தில்தான், ஆனால் அது சமையல் வேலைக்குப் போகும் பெண்களிடம் கற்றுக்கொண்ட வங்காளம். அதில் இலக்கணம் கொஞ்சம் குறைவு, காய்கறிப் பெயர்கள் அதிகம்.

"இன்னிக்கு என்ன நிமாய்தா?"

அவள் வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு கம்ப்யூட்டர் உத்சவ் வைக்கணும்னு இத்தனை வருஷமா எங்க ஒருத்தருக்கும் தோணலையே. ஒரு தமிழ் பௌதி வந்துதான் சொல்லிக் கொடுக்கணும்னு இருந்திருக்கு."

வசுமதி தோள்பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

கம்ப்யூட்டர் உத்சவுக்குத் தேதி குறித்தபோது அவள் கண்ணும் கருத்துமாகத்தான் குறித்தாள். சமையலறையில் தொங்கும் திருச்சிக் காலண்டரைப் புரட்டினாள். அக்டோபரில் நவராத்திரி, துர்கா பூஜை, நம் ஊர் ஆயுத பூஜை. அப்போது கருவிகளைத் தொடக் கூடாது. ஆகவே அக்டோபர் வேண்டாம். புரட்டாசி பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் விரதம், தளிகை. அதுவும் வேண்டாம். ஆவணியின் கடைசிச் சனிக்கிழமை, செப்டம்பர் பதினேழாம் தேதி, காலண்டரில் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. உலகம் முழுக்கக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் கூடிக் கொண்டாடுவதும் அதே சமயம்தான். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள்.

இந்த ஊரில் கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கிற நாள் அந்தப் பதினேழுதான் என்று திருச்சிக் காலண்டருக்கு எப்படித் தெரியும்? கொல்கத்தா வந்து மூன்று வருடத்தில், செப்டம்பரில் ஒருநாள் வானம் முழுக்கப் பட்டம் பறப்பதை வசுமதி பார்த்திருக்கிறாள். ரிக்ஷா ஸ்டாண்டில் பாட்டுப் போடுவதைக் கேட்டிருக்கிறாள். என்ன விசேஷம் என்று யாரையும் கேட்டதில்லை. மேக்னா ஜூன் மாதம்தான் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவள், அவளுக்கும் தெரியாது. அவள் கம்ப்யூட்டரில் வரைந்த போஸ்டரைத்தான் தெருவே பார்த்துவிட்டு, 'ஆகா, கம்ப்யூட்டருக்குப் பூஜை' என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறது. 'ரொம்ப நல்ல நாள் பார்த்திருக்கீங்க' என்று பத்துப் பேராவது வசுமதியிடம் சொன்னார்கள். அவளும் பெருமையோடு தலையாட்டியிருக்கிறாள்.

"சரி, பூஜை முடிஞ்சதும் நான் மெஷினை ஆன் பண்ணிக்கலாம் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மூலையில் உட்கார்ந்து அருகம்புல்லை எண்ணிக்கொண்டிருந்த புரோகிதர் நிமிர்ந்தார். ஹரிபத சக்ரவர்த்தி, எழுபது வயது, தெருவில் எல்லோருக்கும் அவர் 'டாகுர்மோஷாய்'.

"மெஷின் எல்லாம் தூங்குதும்மா. நாளைக்கு விக்கிரகம் கங்கைக்குப் போனப்புறம்தான் தொடணும்."

மேக்னா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த நாளில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் வசுமதியின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த ஒப்பந்தத்தை நாமும் மறந்துவிடக் கூடாது. ரயில்வே பட்டறையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கும் அவள் கணவர் இராஜமாணிக்கம், நவம்பர் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். டிசம்பர் முதல் தேதியே திருச்சிக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. வசுமதிக்கோ இங்கே ஒரு வகுப்பு இருக்கிறது. திருச்சியில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலையைக் கணவரின் மாற்றலுக்காக விட்டுவிட்டு வந்தவள் அவள். இங்கே இந்தக் கிளப் அறையில், ஏதோ ஒரு ஆபீஸ் வேண்டாமென்று ஒதுக்கிய எட்டு கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருளைப் போட்டு, வீட்டு வேலைக்குப் போகும் பதினோரு பெண்களுக்கு வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுக்கிறாள். 'உன் வகுப்பை இந்த ஊர் எழுத்து மூலமா ஒரு வருஷத்துக்குக் கேட்டா, நான் ஒரு வருஷம் இருக்கேன். இல்லேன்னா நீ வாயைத் திறக்காம என்னோட வரணும்' என்றார் இராஜமாணிக்கம். வசுமதி சரி என்றாள்.

கிளப்பிடம் அந்த அறையைப் பச்சை கேட் வீட்டு பரேஷ் பாபுவும் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தல் டெக்கரேட்டர், மூங்கிலும் துணியும் போட்டுவைக்க அவருக்கு இடம் வேண்டும். கமிட்டி நடுநிலையாக ஒரு தீர்ப்புச் சொன்னது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், கம்ப்யூட்டர் அறை வேண்டும் என்று தெருவில் நாற்பது வீடுகள் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷத்துக்கு அறை வசுமதிக்கு, இல்லையென்றால் பரேஷ் பாபுவுக்கு. வீட்டுக்கு ஒரு கையெழுத்து. கேட்கிற வசுமதி தானே போட்டுக்கொள்ளக் கூடாது. ஹாஸ்டலில் இருக்கும் மேக்னா தெருக்காரியே இல்லை.

"கவலைப்படாதீங்க பௌதி," என்றார் நிமாய்தா, அவள் முகம் வாடியதைப் பார்த்து. "பதினோரு மணிக்கு கிச்சுடி பிரசாதம். தெருவே வரும். இலையை நீட்டறப்போ ரிஜிஸ்டரையும் நீட்டுங்க. நாற்பது என்ன, எண்பது கிடைக்கும்."

மேக்னாவின் முகம் மலர்ந்தது. "சூப்பர் ஐடியாம்மா. வேலை முடிஞ்சுது."

"முடியலை," என்றாள் வசுமதி. "எதுக்குக் கையெழுத்துப் போடறோம்னு தெரியாம கிச்சுடிக்காகப் போட்டா, அது கிச்சுடிக்குத்தான் போட்ட கையெழுத்து. நாளைக்கு ரூம் கிடைச்சு, ஒரு ஆள் வரலைன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கறது?"

"அம்மா, ப்ளீஸ். பிராக்டிகலா யோசி. மெஷினைத் தொடவே முடியாது. எதைக் காட்டப் போற?"

மேக்னா சொன்னதில் தப்பில்லை. வசுமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலை போட்ட எட்டு கம்ப்யூட்டர்களையும் அவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் தமயந்தி வந்து நின்றாள்.

தமயந்தி மூன்று வீடுகளில் சமைக்கிறவள். வசுமதியின் வகுப்பில் முதல் வரிசை. சேலைக் கடைப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"தீதி, நீங்க கொண்டுவரச் சொன்னீங்களே. அந்த வீட்டு அம்மா எனக்குக் கொடுத்துட்டாங்க. குப்பைக்காரன் கூட எடுத்துக்கலையாம்."

உள்ளே ஒரு பழைய லேப்டாப். மூலை உடைந்து செலோ டேப் ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளா ஓடலை?"

"ஒன்றரை வருஷமா. பட்டனை அமுக்கினா ஒரு நீலப் பலகை வரும். அப்புறம் அதுவே அணைஞ்சுடும்."

வசுமதி அந்த லேப்டாப்பைக் கையில் வாங்கினாள். வாங்கின நிமிஷத்தில், போன வருடம் ஒருநாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இராஜமாணிக்கம் சொன்னது அவள் காதில் கேட்டது.

'இன்னிக்கு ஆபீஸ் பூஜைல பட்டறை முழுக்க நின்னுடுச்சு வசு. ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடலை. ஆனா புதுசா வந்த கிரேனை மட்டும் இன்னிக்குத்தான் முதல் முதலா ஓட்டினாங்க. புது மெஷினுக்கு உசிர் கொடுக்க இதைவிட நல்ல நாள் கிடையாதாம்.'

ஆபீஸ் பூஜை. இன்று காலை ஆறரை மணிக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, 'ஆபீஸ்ல பூஜை, சாயங்காலம் வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த ஆபீஸ் பூஜை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டபோது, காபி டம்ளரோடு பின்னால் நின்றிருந்தார். 'நல்லா யோசிச்சுத்தான் வச்சியா?' என்று கேட்டார். 'ஆமா' என்றாள். 'சரி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளை யாரும் இப்படி அடித்ததில்லை. ஆனால் அழுவதற்கு இப்போது நேரமில்லை. கணவர் மறைத்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவர் சொன்னதை இப்போது உபயோகிக்கலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"டாகுர்மோஷாய், ஒரு சந்தேகம். புதுசா வந்த மெஷினை இன்னிக்கு ஓட்டலாமா?"

"தாராளமா. அதுக்குன்னே காத்திருந்து இன்னிக்கு ஓட்டறவங்க உண்டு."

"செத்துப்போன மெஷினுக்கு இன்னிக்கு உயிர் கொடுக்கலாமா?"

புரோகிதர் அருகம்புல்லைக் கீழே வைத்தார். "செத்துப்போனதுன்னா?"

"இது ஒன்றரை வருஷமா ஓடலை. தூங்கற மெஷினை எழுப்பினா தப்பு, ஒத்துக்கறேன். இது தூங்கலை. இதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. பழசை எல்லாம் துடைச்சுட்டு, உள்ளே புதுசா ஒண்ணைப் போடப் போறேன். இது எழுந்தா, இன்னிக்குப் பிறந்த மெஷின்தானே?"

அறையில் இருந்த ஐந்தாறு பேரும் புரோகிதரையே பார்த்தார்கள். அவர் யானையைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். அதன் செலோ டேப்பை விரலால் தடவினார்.

"பிரசவத்துக்கு யாரும் நாள் பார்க்கறதில்லை," என்றார் கடைசியில். "பண்ணும்மா. ஆனா இந்த எட்டையும் தொடக் கூடாது."

"விரல் படாது."

"ஓடற மெஷின் எதையும் தொடக் கூடாது."

"செத்தது மட்டும்தான்."

வசுமதி திரும்பினாள். "மேக்னா, மைக் எங்க இருக்கு பாரு."

தெருவின் விளக்குக் கம்பங்களில் எல்லாம் பூஜைக்காக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மேக்னா ஆபீஸ் நண்பர்களிடம் பொறுக்கிச் சேர்த்த வங்காளம் கொஞ்சம், ஹிந்தி கொஞ்சம், மீதிக்குத் தைரியம் என்று மைக்கைப் பிடித்தாள். சினிமாப் பாட்டு சட்டென்று நின்று, தெரு முழுக்க அவள் குரல் கேட்டது. உங்கள் வீட்டில் செத்துப்போன கம்ப்யூட்டர் இருக்கிறதா, கட்டிலுக்கடியில், பரண் மேல், அலமாரிப் பின்னால்? கிளப்புக்குக் கொண்டு வாருங்கள். உயிரோடு இருப்பதைத் தயவுசெய்து கொண்டு வராதீர்கள்.

முதலில் யாரும் வரவில்லை. மொட்டை மாடிகளிலிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

பிறகு ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கையில் பெட்டி கம்ப்யூட்டர், மேலே பத்து வருடத் தூசி. வசுமதி பென் டிரைவைச் செருகிப் பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கரிந்துபோயிருந்தது.

"இது போயே போச்சு சார். என்னால முடியாது," என்று உள்ளதைச் சொன்னாள்.

கூட்டம் உச்சுக் கொட்டியது. வசுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு தமயந்தியின் லேப்டாப்பை எடுத்தாள். பென் டிரைவைச் செருகிப் பட்டனை அமுக்கி, கீபோர்டில் ஒரு விசையை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். நீலப் பலகை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின.

"எதுவும் வேணும்னா இப்பவே சொல்லு தமயந்தி. பழசு எல்லாம் அழிஞ்சுடும். அந்த அம்மாவோட போட்டோ, கீட்டோ இருக்கா?"

"அவங்க எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்களாம் தீதி. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

'அழிக்கலாமா' என்று திரை கேட்டதற்கு வசுமதி சம்மதம் என்று தட்டினாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் கூட்டம் கலையவில்லை, ஏனென்றால் கிச்சுடி இன்னும் வேகவில்லை. வங்கிக்காரர் தன் பெட்டி போன வருத்தத்தில் குறுக்குக் கேள்வி கேட்டார்.

"இன்னிக்குச் சும்மா கொடுப்பீங்க. நாளைக்குப் பில் அனுப்புவீங்க. இல்லையா?"

"சார், இந்தத் தெரு துர்கா பூஜை யாரோடது?"

"யாரோடதுன்னா? தெருவோடது."

"பந்தல் எப்படிக் கட்டினீங்கன்னு பக்கத்துத் தெரு கேட்டா மறைப்பீங்களா?"

"எதுக்கு மறைக்கணும்? வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"இதுவும் அப்படித்தான். யார் யாரோ ஊர் ஊரா உட்கார்ந்து சேர்ந்து எழுதினது. எப்படி எழுதினாங்கன்னு திறந்து வச்சிருக்காங்க. நீங்க பார்க்கலாம், உங்களுக்கு வேணுங்கற மாதிரி மாத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். ஒருத்தரோட சொத்துன்னு இருந்தாத்தானே நாளைக்குக் கதவைச் சாத்த முடியும்?"

வங்கிக்காரர் மோவாயைச் சொறிந்துகொண்டார். "பேனா இருக்கா?" என்றார். அதுதான் முதல் கையெழுத்து.

பதினொன்றே காலுக்குத் தமயந்தியின் லேப்டாப் எழுந்தது. திரை முழுக்க வங்காள எழுத்து. புரோகிதர் தாமே வந்து அதற்கு ஒரு பொட்டு வைத்தார். தமயந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தன் பெயரை அடித்தாள். அப்புறம் அதை அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள். தன்னுடைய மெஷினில் தன்னுடைய பெயர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து வசுமதிக்கும் கண் கலங்கியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததும் அதோடு கொஞ்சம் வெளியே வந்தது, யாருக்கும் தெரியவில்லை.

மேக்னாவுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு ஸ்குரூ டிரைவரை நீட்டிக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்பா ஆபீஸ்ல இன்னிக்கு பூஜைன்னா… அப்பாவுக்குத் தெரியுமா?"

"அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இப்படித் தள்ளு," என்றாள் வசுமதி.

அதற்குப் பிறகு தெரு விட்டுவைக்கவில்லை. இலையில் கிச்சுடி சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு ஓடிப் பரணில் ஏறினார்கள். துணியில் சுற்றி, தலையணை உறையில் போட்டு, ஒருவர் தள்ளுவண்டியில் வைத்து, பத்தொன்பது மெஷின்கள் வந்தன. பதினொன்று பிழைத்தன. எட்டு பிழைக்கவில்லை, அவற்றின் சொந்தக்காரர்களிடம் வசுமதி ஒளிக்காமல் சொன்னாள். ஆச்சரியம், அவர்களில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வகுப்பு எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள். மெஷின் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அப்படியே கேட்டுவிட்டுப் போட்டார்கள். செக்டர் ஃபைவ் கம்பெனி ஒன்றில் விலைக்கு விற்கிற மென்பொருளுக்கு வேலை பார்க்கும் மேக்னா, மூன்று மணிக்கு மேல் தானே தனியாக நாலு மெஷினுக்கு உயிர் கொடுத்தாள். போன வாரம் இதையெல்லாம் 'அம்மாவோட ஹாபி' என்று சொன்னது அவள்தான்.

ஐந்து மணிக்குப் புரோகிதர் வீட்டுக்குப் போய்த் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வசுமதியின் முன் வைத்தார்.

"இது நிஜமாவே செத்துதான் போச்சா டாகுர்மோஷாய்?"

"ரொம்ப மெதுவா ஓடுது. செத்ததுன்னே வச்சுக்கோ."

"நாளைக்குக் கொண்டு வாங்க. இன்னிக்கு ஓடற மெஷினைத் தொட மாட்டேன்னு உங்ககிட்டதான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

அவர் ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அது முப்பத்தொன்பதாவது.

ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. பக்கத்து அறையில் கமிட்டிக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மாடிகளில் யாருடைய பட்டமோ அறுபட்டு, 'போகாட்டா' என்று ஒரே கூச்சல். தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. வர வேண்டியவர்கள் வந்து போய்விட்டார்கள். பூட்டின வீடுகள் பூட்டியே கிடந்தன.

அப்போதுதான் இராஜமாணிக்கம் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் குங்குமம், கையில் பட்டறையின் பிரசாதப் பெட்டி. மாலை போட்ட எட்டு மெஷின்களையும் பார்த்தார். தரையெல்லாம் பரப்பிக் கிடந்த பதினொன்றையும், அவற்றின் வெளிச்சத்தில் குனிந்திருந்த முகங்களையும் பார்த்தார். அவர் எதிர்பார்த்து வந்தது இதுவல்ல.

"வாங்க ராஜ்தா, வாங்க," என்று கத்தினார் நிமாய்தா. "சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்க வீட்டுக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாற்பது ஆயிடுச்சு, பௌதி ஜெயிச்சாச்சு."

பேனாவைத் தாமே எடுத்து அவர் கையில் திணித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வசுமதி ரிஜிஸ்டரைக் கணவர் முன்னால் கொண்டுவந்தாள். யாருக்கும் புரியாதபடி தமிழில், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியுமா?"

இராஜமாணிக்கம் பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் மூன்று வாரமாகப் பேசாமலே இருந்திருக்கிறார்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ வட்டம் போட்ட அன்னிக்கே."

மேக்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லணும்னு ரெண்டு மூணு தடவை வாய் வரைக்கும் வந்தது வசு," என்றார் அவர். "நடக்காமப் போனா நீயே பேசாம கிளம்பிடுவேன்னு நினைச்சேன். அங்க போய்ச் சேர்ந்தாப் போதும்னு இருந்தது. தப்புத்தான். இரு, நான் போட்டுடறேன்."

அவர் குனிந்தார். பேனா முனை தாளைத் தொடப் போனது.

வசுமதி ரிஜிஸ்டரை மூடினாள்.

"வேண்டாம்."

"வசு, இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. ரூம் போயிடும்."

"கிச்சுடிக்காகப் போடற கையெழுத்தே வேண்டாம்னு காலையில சொல்லிட்டேன். மனசு உறுத்தறதுக்காகப் போடறது எனக்கு எதுக்கு? அதை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஒரே வீட்ல எப்படி இருக்கறது? உங்களுக்கு இந்த ஊர்ல இருக்கணும்னு தோணற அன்னிக்குப் போடுங்க. தோணலைன்னா போட வேண்டாம்."

கை தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வசுமதி பிரசாதப் பெட்டியை மட்டும் கணவர் கையிலிருந்து வாங்கித் தமயந்தியிடம் கொடுத்து, எல்லோருக்கும் பங்கு போடச் சொன்னாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள். ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இரண்டு பக்கமும் பார்த்தாள். விளக்கு எரிகிற வீடுகள் எல்லாமே அவள் ரிஜிஸ்டரில் இருந்தன, ஒன்றைத் தவிர. எதிர்ச்சாரியில், மூங்கில் கட்டுகள் சாய்த்து வைத்த வாசலோடு, பச்சை கேட் போட்ட வீடு.

அவள் தெருவைக் கடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இராஜமாணிக்கம் கிளப் படியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"வசு, அது பரேஷ் பாபு வீடு."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, வசுமதி மணியை அழுத்தினாள்.